ஒரு வினைச்சொல்லும் ஒரு மலையும்

வங்கியில் நான் தினமும் தொட்டுப் புழங்குகிற ஆங்கில வினைச்சொல் ஒன்று உண்டு. ஸாங்ஷன். கடன் கேட்டு வருகிறவர்கள் அதைத் தமிழாகவே எடுத்துக்கொண்டுவிட்டார்கள். 'ஸாங்ஷன் ஆயிருச்சா?' என்பதுதான் கேள்வி. 'ஸாங்ஷன் பண்ணிட்டாங்களா' என்று கேட்பவர்கள் குறைவு. மழை ஆவது போல, ஏலக்காய் விலை ஏறுவது போல, செய்கிறவன் இல்லாமல் தானாக ஆகிற காரியம். ஆங்கிலத்திலும் என் மேஜைக்கு வரும்போது இந்த வினை செயப்பாட்டு வினையாகவேதான் வருகிறது. கடன் ஸாங்ஷன் செய்யப்பட்டிருக்கிறது. யாரால் என்பதற்குக் கடிதத்தின் அடியில் ஒரு பதவிப் பெயரும் கிறுக்கலான ஒரு கையெழுத்தும் இருக்கும். நான் குமாஸ்தா, எனக்கு ஸாங்ஷன் செய்யும் அதிகாரம் ஒரு ரூபாய்க்குக்கூடக் கிடையாது. அதைச் சொல்லும் காகிதத்தை எடுத்துக் கொடுக்கிறவன், அவ்வளவுதான்.

போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் மூன்று ஏக்கர் ஏலத்தோட்டம் வைத்திருக்கும் பெரியவர் ஒருவர் சென்ற வருஷம் கௌண்டரில் நின்றுகொண்டு, "தம்பி, ஸாங்ஷன் ஆயிருச்சா, இல்ல சாமி இன்னும் உத்தரவு குடுக்கலையா?" என்றார். பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். "மேல போயிருக்குங்கய்யா, வந்துரும்" என்றேன். மேலே என்றால் வட்டார அலுவலகம். அவர் வேடிக்கைக்குத்தான் சொன்னார். ஆனால் லத்தீன் படித்த ஒருவன் இந்தச் சொல்லின் பூர்வீகத்தை இதைவிடச் சுருக்கமாகச் சொல்லிவிட முடியாது.

பி.ஏ. ஆங்கிலத்தில் மூன்று வருஷம் எனக்குக் கற்பித்தவர்கள் சொல்லாத விஷயத்தை அகராதி சொன்னது. 'ஸான்க்கிரே' என்ற லத்தீன் வினையிலிருந்து வருகிறது இது. புனிதமாக்கு, மீற முடியாததாக்கு என்று பொருள். ஸெயின்ட் என்பதும் ஸாங்க்சுவரி என்பதும் இதே குடும்பம். (இதைப் பின்னால் பொட்டிபுரத்துக்குப் போகும்போது நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.) ரோமானியர் ஒரு சட்டத்தை எழுதி முடித்து, அதை மீறினால் என்ன தண்டனை என்று சொல்லும் பகுதிக்கு 'ஸான்க்டியோ' என்று பெயர் வைத்திருந்தார்கள். ஆக, ஆதியில் இந்தச் சொல்லுக்குள் இருந்தது அனுமதி அல்ல, தண்டனை. தண்டனையால் காப்பாற்றப்படும் புனிதம். ஆங்கிலத்தில் பெயர்ச்சொல்லாக 16-ஆம் நூற்றாண்டிலேயே வந்துவிட்டது. வினையாகி, 'அதிகாரத்தோடு சம்மதி' என்ற அர்த்தத்துக்கு 18-ஆம் நூற்றாண்டில்தான் இறங்கியது. அந்த நூற்றாண்டின் கடைசியில், 1789-இல், பெந்தாம் தன் நூலில் ஸாங்ஷன்கள் நான்கு என்று வகுத்தபோது - இயற்கை, அரசியல், ஊரார் அபிப்பிராயம், மதம் - அவர் பேசியது மனிதனை ஒரு காரியத்தைச் செய்யவிடாமலோ செய்யவோ நெருக்குகிற இன்ப துன்பங்களைப் பற்றி. கடனைப் பற்றி அல்ல. 1935-இல் அபிசீனியாமேல் படையெடுத்த இத்தாலிக்கு சர்வதேச சங்கம் போட்டதும் ஸாங்ஷன்தான். நம் தினசரிகள் 'பொருளாதாரத் தடை' என்று எழுதுவது இதைத்தான்.

ஒரே சொல். என் மேஜையில் அனுமதி, தினசரியில் தடை.

இம்மாதிரிச் சொற்களைப் பற்றி ஃப்ராய்ட் 1910-இல் ஒரு கட்டுரை எழுதினார். கார்ல் ஆபெல் என்ற மொழியியலாளரை நம்பி, ஆதிமொழிகளில் ஒரு சொல்லே நேர்மாறான இரண்டையும் குறித்தது, கனவும் அப்படித்தான் எதிர்மறை அறியாதது என்றார். 1956-இல் பென்வெனிஸ்த் அந்த உதாரணங்கள் மொழியியல்படி நிற்காதவை என்று காட்டிவிட்டார். ஃப்ராய்டை மேற்கோள் காட்டும் நம் நண்பர்கள் பென்வெனிஸ்த் வரை வருவதில்லை என்பது வேறு விஷயம். ஸாங்ஷனுக்குக் கனவின் உதவி தேவையில்லை. அதன் இரட்டை வேஷம் மனத்தின் ஆழத்திலிருந்து வந்ததல்ல, அதிகாரத்தின் வேலைமுறையிலிருந்து வந்தது. தண்டிக்க முடிந்தவன்தான் அனுமதிக்க முடியும். கடனுக்கான ஸாங்ஷன் கடிதத்தைப் புரட்டிப் பார்த்தால் தெரியும். முதல் பக்கத்தில் தொகை. அடுத்தடுத்த பக்கங்களில் நிபந்தனைகள். தவணை தவறினால் தண்ட வட்டி என்று இருந்தது. ரிசர்வ் வங்கி 2023-இல் விட்ட சுற்றறிக்கைக்குப் பிறகு அதை வட்டி என்று சொல்லக்கூடாது, தண்டக் கட்டணம் என்றுதான் சொல்ல வேண்டும். ரோமானியனின் ஸான்க்டியோ அப்படியே சட்டம் போட்டுத் தொங்குகிறது. வாங்குகிறவர் முதல் பக்கத்தை மட்டும் வாசிக்கிறார். நான் மற்றப் பக்கங்களை அவருக்கு வாசித்துக் காட்டியதில்லை. பின்னால் வரிசை நிற்கிறது.

இதற்குத் தமிழில் என்ன சொல்? ஆட்சிச்சொல் அகராதி 'ஒப்பளிப்பு' என்கிறது. அரசாணைகளில் நிதி ஒப்பளிப்பு செய்யப்படுகிறது. அப்ரூவலுக்கு ஒப்புதல், ராட்டிஃபை என்றால் பின்னேற்பு, கன்ஸென்ட் என்றால் இசைவு. கெட்டிக்காரத்தனமான சொற்கள், அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் அழகானவையும்கூட. 'ஒப்பு' என்பதில் ஒத்திருத்தல் இருக்கிறது. ஒப்புக்கொள்கிறவன் கேட்கிறவனைப் போல் ஆகிறான். 'இசைவு' என்பதில் சுருதி சேர்வது இருக்கிறது. ஆனால் சொற்களில் இருக்கிற இந்தச் சமத்துவம் கோப்பில் கிடையாது. மாசுக்கட்டுப்பாட்டு வாரியம் இசைவாணை தருகிறது. இசைவும் ஆணையும் ஒரே சொல்லில் எப்படி ஒட்டின என்று ஒருவரும் கூசவில்லை. தடை என்ற பாதியை வெட்டியெறிந்துவிட்டு, இனிமையான பாதியை மட்டும் நாம் மொழிபெயர்த்துக்கொண்டோம். ஆங்கிலச் சொல்லாவது தன் கத்தியை மறைக்கவில்லை.

அப்ரூவ் என்பதைத் தமிழ்த்தெரு வேறுவிதமாக எடுத்துக்கொண்டது சுவாரஸ்யம். போடியிலிருந்து தேனி போகும் சாலையில் மஞ்சள் கற்கள் நட்ட காலியிடங்களில் எல்லாம் 'அப்ரூவ்டு பிளாட்' என்று போர்டு. அதே மனிதர்களே தினசரியில் 'அப்ரூவராக மாறினார்' என்று படிக்கும்போது, கூட்டாளிகளைக் காட்டிக்கொடுத்துத் தான் தப்பித்தவன் என்று தடுமாற்றமில்லாமல் புரிந்துகொள்கிறார்கள். வேர் ஒன்றுதான். 'ப்ரோபாரே', சோதித்துப் பார், நிரூபி. சோதிக்காமல் அப்ரூவ் செய்ய முடியாது என்று சொல்லே சொல்கிறது. பிளாட்டுக்காரர்கள் அதைக் கேட்டதில்லை.

பெரியவர் சொன்ன சொல்தான் இவை எல்லாவற்றிலும் நேர்மையானது. உத்தரவு. அதில் கட்டளையும் அனுமதியும் ஒன்றாக இருக்கின்றன. 'உத்தரவு போட்டார்' என்றால் கட்டளை. 'உத்தரவு வாங்கிக்கிறேன்' என்றால் விடைபெறுதல். கோயிலில் பூப்போட்டுக் கேட்டு, கேட்ட பூ வந்தால் 'உத்தரவு ஆச்சு'. காங்கேயம் பக்கம் சிவன்மலையில் உத்தரவுப் பெட்டி என்றே ஒரு கண்ணாடிப் பெட்டி இருக்கிறது. பக்தர் ஒருவர் கனவில் முருகன் வந்து இந்தப் பொருளை வை என்பான். அவர் சொன்னதை நம்பி அப்படியே வைத்துவிட மாட்டார்கள், சாமி முன்னால் பூப்போட்டு மறுபடி கேட்டுத்தான் வைப்பார்கள். கனவு கண்டவரும் ஒருமுறை சோதிக்கப்படுகிறார். அப்ரூவ் என்ற சொல்லின் லத்தீன் அர்த்தம் அங்கே நடக்கிறது.

இனி பொட்டிபுரம்.

போடிக்குத் தெற்கே, தேவாரத்துக்குப் போகிற திசையில், மேற்குமலை சரிந்து சமவெளியைத் தொடுகிற இடம். ஊருக்கு மேலே நிற்பது அம்பரப்பர் மலை. பெயரிலேயே மரியாதை விகுதி இருக்கிறது. மலையை அவர் என்றுதான் சொல்கிறது பெயர். அதன் வயிற்றில் ஏறத்தாழ 2 கிலோமீட்டர் சுரங்கம் குடைந்து, 50,000 டன் எடையுள்ள காந்தமேற்றிய இரும்புக் கருவியை நிறுத்தி, வானிலிருந்து வரும் நியூட்ரினோக்களைக் கவனிப்பது என்ற திட்டத்தைப் பற்றி நம்மில் அறியாதவர் இருக்க முடியாது. எல்லாப் பக்கமும் ஒரு கிலோமீட்டருக்குக் குறையாமல் பாறை வேண்டும். மற்ற வானத்துக் கதிர்களைப் பாறை வடிகட்டிவிட, நியூட்ரினோ மட்டும் வந்து சேரும். நான் இதற்கு விரோதியல்ல. 1965-இல் கோலார் தங்கச்சுரங்கத்தின் ஆழத்தில் வளிமண்டல நியூட்ரினோவை உலகில் முதலில் கண்டவர்களில் நம் நாட்டவர்கள் இருந்தார்கள் என்பதைப் படிக்கும்போது எனக்குப் பெருமைதான். நியூட்ரினோ உடம்புக்குத் தீங்கு செய்யும் என்று இங்கே மேடையில் பேசியவர்கள் உளறினார்கள். நாம் ஒவ்வொருவரும் ஒவ்வொரு விநாடியும் கோடானுகோடி நியூட்ரினோக்கள் ஊடுருவிப் போக நின்றுகொண்டிருக்கிறோம். அவை ஒருவரிடமும் உத்தரவு கேட்பதில்லை.

எனக்குக் கவலை வினைச்சொற்களைப் பற்றி. முதலில் நீலகிரியில் சிங்காரா என்ற இடத்தைத் தேர்ந்தார்கள். முதுமலைப் புலிகள் காப்பகத்துக்குப் பக்கம், யானை வழி என்று 2009-இல் சுற்றுச்சூழல் அமைச்சகம் மறுத்துவிட்டது. பிறகு போடி மேற்குமலை. 2011-இல் சுற்றுச்சூழல் அனுமதி. ஆங்கிலத்தில் அதற்கு கிளியரன்ஸ் என்று பெயர். துப்புரவு செய்தல், இடத்தைக் காலியாக்குதல் என்ற அர்த்தமும் அதே சொல்லுக்கு உண்டு. 2015 ஜனவரியில் மத்திய மந்திரிசபை சுமார் 1,500 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் தந்தது. இதுதான் என் சொல், ஸாங்ஷன். அதே வருஷம் மார்ச்சில் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, மாசுக்கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவு வராமல் வேலை தொடங்கக்கூடாது என்று நிறுத்தியது. 2017 மார்ச்சில் பசுமைத் தீர்ப்பாயம் 2011-இன் அனுமதியையே நிறுத்திவைத்தது. இடம் கேரளத்தின் மதிகெட்டான் சோலை தேசியப் பூங்காவிலிருந்து 5 கிலோமீட்டருக்குள் இருக்கிறது. மதிப்பீட்டு அறிக்கை தயாரித்த நிறுவனமோ அதற்கான அங்கீகாரம் பெற்றதல்ல. அனுமதியைத் தாங்கி நின்ற காகிதத்துக்கே அனுமதி இல்லை. 2018 மார்ச்சில் 'விசேஷமாகக் கருதி' மறுபடி அனுமதி. அதே வருஷம் நவம்பரில் தீர்ப்பாயம் அந்த அனுமதி செல்லும், ஆனால் தேசிய வனவிலங்கு வாரியத்தின் அனுமதியும் வேண்டும் என்றது. 2022 பிப்ரவரியில் தமிழக அரசு, புலிகள் நடமாடும் வழி, மேற்குத்தொடர்ச்சி மலை, இந்தத் திட்டம் வேண்டாம் என்று உச்சநீதிமன்றத்தில் பிரமாணப் பத்திரம் போட்டது. இன்றுவரை சுரங்கம் தோண்டப்படவில்லை.

இதைத் திட்டத்தின் தோல்வி என்கிறார்கள் ஒரு சாரார், மக்களின் வெற்றி என்கிறார்கள் மறு சாரார். எனக்குத் தோன்றுவது, ஒரு சொல் தன் இரண்டு அர்த்தங்களுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு நின்றது என்பதுதான். ஸாங்ஷனும் ஸாங்க்சுவரியும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள் என்றேன். பொட்டிபுரத்தில் அவை இரண்டும் வாதியும் பிரதிவாதியுமாகக் கோர்ட்டில் நின்றன. மீறக்கூடாதது என்று ஒரு கையால் கோடு கிழித்த அரசே, மறுகையால் 'மீறலாம், இந்த நிபந்தனைகளோடு' என்று எழுதுகிறது. இரண்டுக்கும் ஒரே முத்திரை.

இத்தனை வினைகளில் - கிளியர், அப்ரூவ், ஸாங்ஷன், கன்ஸென்ட் - எதற்கும் எழுவாயாக வராதவர்கள் அந்த ஊர்க்காரர்கள். கருத்துக் கேட்புக்கு அவர்கள் அழைக்கப்படலாம். அங்கே 'கேட்டல்' என்ற வினை மட்டும் நடக்கும். அதற்கு மேல் வேறு வினை அவர்களுக்குக் கொடுக்கப்படவில்லை. அவர்கள் எதிர்த்தார்கள். எதிர்ப்பைப் பதிவு செய்யக் கோப்பில் இடம் உண்டு. சம்மதத்தைக் கேட்பதற்கு இடம் இல்லை. கேட்டிருந்தால் ஒருவேளை கொடுத்தும் இருப்பார்கள். நியூட்ரினோ என்றால் என்ன என்று மேய்ச்சலுக்கு மலையடிவாரம் போகிறவரிடம் விளக்குவது முடியாத காரியமல்ல. அவர் பாறையை அறிந்தவர், பாறை எதைத் தடுக்கும் எதை விடும் என்ற பேச்சு அவருக்குப் புரியாததல்ல. மௌனம் சம்மதம் என்று நம்மிடம் ஒரு பழமொழி இருக்கிறது. பெண் பார்க்க வந்த வீடுகளில் எத்தனையோ பெண்களின் வாழ்க்கையை நாசம் செய்த பழமொழி. அரசாங்கங்களுக்கும் அது பிடித்தமானது.

இலக்கியப் பத்திரிகையில் இதை ஏன் எழுதுகிறாய் என்று கேட்பார்கள். நாமும் இந்த வேலையைத்தான் செய்துகொண்டிருக்கிறோம் என்பதால்.

சி.சு. செல்லப்பா சின்னமனூர்க்காரர். அவர் பெயரின் முதல் எழுத்தே அந்த ஊர்தான். பொட்டிபுரத்திலிருந்து பஸ்ஸில் போய்விடுகிற தூரம். 1959 ஜனவரியில் 'எழுத்து' தொடங்கி, 1970 வரை 119 இதழ்கள் நடத்தினார். புதுக்கவிதை என்ற ஒன்று தமிழில் காலூன்றியது அந்தப் பக்கங்களில். யாருடைய ஸாங்ஷனையும் கேட்டு அது வரவில்லை. தம் வயோதிகத்தில் 'சுதந்திர தாகம்' நாவலைத் தாமே புத்தகமாக்கினார். 1998 டிசம்பரில் இறந்தார். 2001-க்கான சாகித்திய அகாதெமி பரிசு அந்த நாவலுக்குக் கிடைத்தது. ஆட்சிச்சொல் அகராதி இதற்கென்றே ஒரு சொல் வைத்திருக்கிறது: பின்னேற்பு. காரியம் முடிந்த பிறகு, அதைச் செய்தவர் போன பிறகு, கோப்பை நேர்செய்ய ஏற்பது. செல்லப்பாவுக்கு அதனால் ஒன்றும் கூடவில்லை. கோப்பு நேராயிற்று.

ஆனால் அகாதெமியைத் திட்டுவது சுலபம். நம் சிறிய வட்டத்தில் நாமே சின்னச் சின்ன வட்டார அலுவலகங்களாக உட்கார்ந்திருக்கிறோம். இன்னார் முன்னுரை தந்தார், இன்னார் ஒரு வரி சொன்னார் என்பதில்தானே ஒரு கவிஞன் கவிஞன் 'ஆகிறான்'? இங்கேயும் அந்த 'ஆயிருச்சா'தான்.

நான்கு வருஷம் முன்பு ஓர் இளைஞன் - இந்தப் பக்கத்துப் பையன்தான், பெயர் வேண்டாம் - கையெழுத்துப் பிரதியோடு வந்தான். "உங்க அங்கீகாரம் வேணும் சார்" என்றான். எழுதிக் கொடுத்தேன். இப்போது எடுத்துப் படித்தால் கூசுகிறது. 'சில இடங்களில் சொற்சிக்கனம் கூடியிருந்தால் இன்னும் சிறக்கும்.' 'நம்பிக்கை தரும் வரவு.' தொகை முதல் பக்கத்தில், நிபந்தனை பின்பக்கத்தில். கடன் கடிதத்தின் நடை. அந்தக் கவிதைகளில் மூன்று எனக்குப் புரியவில்லை, இரண்டு என்னைத் தூங்கவிடவில்லை. இதில் எதையும் நான் எழுதவில்லை. சோதிக்காமல் அப்ரூவ் செய்தேன். அதற்குப் பிறகு அவன் பத்திரிகைகளுக்கு அனுப்பிய கவிதைகள் என் முன்னுரைக்குப் பொருத்தமாக இருந்தன. சொற்சிக்கனம் கூடியிருந்தது. வேறு ஒன்றும் இல்லை. நிபந்தனைகளை ஒழுங்காகக் கட்டிவருகிற கடன்காரனின் கவிதைகள்.

அவன் கேட்ட சொல் என்னவென்று நான் அப்போது யோசிக்கவில்லை. அங்கீகாரம்: அங்கமாக்கிக்கொள்ளுதல். சமஸ்கிருதத்தில் அதன் உடல் அவ்வளவு அப்பட்டமானது. ஒரு கவிதையை அங்கீகரிப்பது என்றால் அதை என் கை போல, என் பல்வலி போல ஆக்கிக்கொள்வது. அது தவறினால் எனக்கு வலிக்க வேண்டும். அதற்கு மேலே உட்கார்ந்திருக்கிறவனால் முடியாது. 'அனுமதி'யும் லேசான சொல் அல்ல. வேதத்தில் அது ஒரு தேவதையின் பெயர். பூரணத்துக்கு ஒரு கலை குறைந்த நிலவின் நாள் அவளுடையது. முழுமை இன்னும் ஆகவில்லை, ஆனால் நடக்கட்டும் என்கிற மனம். விமர்சகனுக்கு இதைவிட நல்ல தெய்வம் எனக்குத் தெரியவில்லை. நான் கும்பிட்டது வேறு சாமியை.

போன மாதம் அவனுடைய இரண்டாவது பிரதி தபாலில் வந்தது. கூட ஒரு சீட்டு: "படிச்சுப் பாருங்க சார், முன்னுரை வேண்டாம்." அதில் அம்பரப்பர் மலையைப் பற்றி ஒரு கவிதை இருக்கிறது. நியூட்ரினோ இல்லை, போராட்டம் இல்லை, வேலிக்கு இந்தப் பக்கம் நின்று வழிதவறிய ஒரு ஆட்டைக் கூப்பிடும் குரல் மட்டும். ஏழாவது வரியில் ஒரு சொல் எனக்குப் பிடிபடவில்லை. பென்சிலால் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை பொட்டிபுரம் போய் அவனையே கேட்கலாம் என்றிருக்கிறேன்.